அம்மாவின் முழங்கை உயரம்

எங்கள் குசினியின் இடது மூலையில் நிற்கும் நெட்டை அலமாரிக்குப் பின்னால், சுவரில் மூன்று பென்சில் கோடுகள் இருக்கின்றன. தரையிலிருந்து 92 சென்டிமீட்டரில் ஒன்று. அது அம்மாவின் முழங்கை. 120-இல் இன்னொன்று, தோள். 137-இல் மூன்றாவது, கண். அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டதால் இனி அவை யார் கண்ணிலும் படாது. அந்த மூன்று கோடுகளுக்கு வந்து சேர எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. செய்து வைத்த அலமாரியை ஒரு தடவை பிரித்துப் போடவும் வேண்டி வந்தது.

இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள், பழைய குசினியைத் திருத்துகிறவர்கள் என்று பலர் இப்போது என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஓவன், மைக்ரோவேவ் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தரையிலிருந்து ஏழடி உயரத்துக்கு எழும்பும் ஒரே அலமாரிக்குள் பதித்து வைப்பது. பென்ட்ரி (குசினி அலமாரி) வேலை செய்கிறவர்கள் அதை ‘டோல் யூனிட்’ என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் படம் அனுப்புகிறார்கள், இங்கே இருப்பவர்கள் அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் யாரும் நிற்பதில்லை. ஒரு ஆளை அதற்கு முன்னால் நிறுத்திப் பார்த்த பிறகு எனக்குத் தெரிய வந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அம்மா 31 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். காலையில் மலை ஏறினால் கூடையின் கயிறு தலையில், பாரம் முதுகில். அந்த வயதில் தெரியவில்லை. இப்போது கழுத்தும் இரண்டு தோளும் விலை கேட்கின்றன. கையை முன்னால் நீட்டினால் வலி இல்லை, தோளுக்கு மேலே தூக்கினால்தான் உயிர் போகும். உயரம் நாலடி பத்தங்குலம். நான் ஐந்தடி மூன்று. இந்தக் கணக்கைக் குறித்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பிறந்தது லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் ஒரு அறையில். பத்துக்குப் பன்னிரண்டு அடி. படுக்கை, பெட்டி, சாமிப்படம், அடுப்பு எல்லாம் அதற்குள்தான். அடுப்பு தரையில் இருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு பரண். பரணில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடிந்தபின் பொறுக்கி வந்த மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி விறகு, அடுக்கியிருக்கும், அடுப்புச் சூட்டில் காய்வதற்காக. அதற்கு ஓரமாக உப்புப் பானை, புளி, கருவாட்டுப் பொட்டலம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மாதக்கணக்கில் வெயிலைக் காண முடியாது. வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை தென்மேற்கு மழையும் மூடுபனியும்தான். உப்பு தண்ணீராக ஓடும். பரணில் இருந்த உப்பு மட்டும் உதிரியாக இருக்கும். சூடு எங்கே போகிறது, காற்று எப்படி ஏறுகிறது, எதற்கு மேல் எதை வைக்கலாம் என்பதெல்லாம் அம்மாவுக்கு அங்கேயே தெரிந்த பாடம். டோல் யூனிட் என்பதும் அதே பாடம்தான் என்று எனக்குப் பிடிபட நாளாயிற்று.

வீடு கட்டி ஆறு வருடம் கழித்துத்தான் குசினியைத் திருத்தினோம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், சனி ஞாயிறுகளில் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறேன். மேசைமேல் வைத்திருந்த சின்ன ஓவனில் ஒரு தட்டுக்கு மேல் வேகாது. அதனால் 60 சென்டிமீட்டர் அகலத்தில் பதிக்கிற ஓவன் ஒன்றையும், அதே வரிசையில் பதிக்கிற மைக்ரோவேவ் ஒன்றையும் கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவந்தோம். ஓவன் எனக்கு. மைக்ரோவேவ் அம்மாவுக்கு. அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது பால், சோறு, குழம்பு என்று எதையாவது சூடாக்குவார். இங்கத்திக் குளிரில் சமைத்து இறக்கிய குழம்பு அரை மணி நேரத்தில் ஆறி ஏடு கட்டிவிடும்.

பாஸ் நல்ல தச்சர். வீட்டின் கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கைவேலை. கிரண்டிஸ் பலகையில் அலமாரியைச் செய்துகொண்டு வந்தார். வெளி அகலம் 60 சென்டிமீட்டர், கேட்டலொக்கில் இருந்தது போலவே. ஓவனைத் தூக்கி உள்ளே தள்ளினோம். வாயிலேயே நின்றுவிட்டது.

“அளவு சரிதானே டீச்சர், அறுவதுதானே சொன்னீங்க?” என்றார்.

அறுபதுதான். ஆனால் அந்த அறுபது, ஓவனின் முகத்துக்கும் அலமாரியின் வெளிப்பக்கத்துக்கும் உள்ள அளவு. உள்ளே போகிற உடலுக்குக் குறைந்தது 56 சென்டிமீட்டர் வெட்டவெளி வேண்டும். தொழிற்சாலையில் செய்கிற அலமாரிகளின் பக்கப் பலகை 18 மில்லிமீட்டர் தடிப்பு. 600-இல் இரண்டு பக்கமும் 36 போனால் உள்ளே 564 மிஞ்சும், ஓவன் வழுக்கிக்கொண்டு போகும். நம்ம பாஸ் போட்டது பழக்கமான ஒரு அங்குலப் பலகை. இரண்டு பக்கமும் 50 மில்லிமீட்டர் போய் உள்ளே 550-தான் மிஞ்சியது. பலமாக இருக்கட்டும் என்று அவர் நினைத்ததுதான் வழியை அடைத்தது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கையேட்டில் இருந்த படத்தை அவருக்குக் காட்டாமல் வாயால் ஒரு இலக்கத்தைச் சொன்னது நான்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இது. பொருளை முதலில் வாங்குங்கள், பொருள் உட்காரும் கூட்டுக்குக் கையேட்டில் உள்ள படத்தை பாஸின் கையில் கொடுங்கள், அதன்பிறகு பலகை அறுக்கட்டும். முழு அளவு ஓவனுக்குக் கூடு 56 அகலம், ஏறத்தாழ 60 உயரம், 55 ஆழம். பதிக்கிற மைக்ரோவேவுக்குப் பெரும்பாலும் 38 உயரம். நீராவி ஓவன், கொம்பேக்ட் ஓவன் மாதிரியானவற்றுக்கு 45. அந்த 45-க்குக் கீழே 14 சென்டிமீட்டரில் தட்டு சூடாக்கும் இழுப்பறை ஒன்று விற்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் 59, பக்கத்தில் நிற்கும் முழு ஓவனோடு மேல்விளிம்பு ஒரே கோட்டில் வந்துவிடும். அதற்காகவே வைத்த அளவு. நமது பாஸ்மார் அங்குலத்தில் நினைக்கிறவர்கள். 56 சென்டிமீட்டர் என்பது 22 அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போல கூடுதல். ‘இருபத்திரண்டு’ என்று முழுசாக்கிவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டரிலேயே மாட்டிக்கொள்ளும். மில்லிமீட்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

சரி, அலமாரியை மாற்றிச் செய்ய வேண்டும் என்றானதும் பாஸ் வேறு வேலைக்குப் போய்விட்டார். வெறும் கூடு மூன்று வாரம் குசினியில் நின்றது. அந்த மூன்று வாரம் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். ஒரு நாள் பின்னேரம் பாடசாலையால் வந்து பார்க்கிறேன், அம்மா அந்த வெறும் கூட்டுக்கு முன்னால் ஒரு பருப்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“என்னம்மா செய்றீங்க?”

“மைக்ரோவேவு மேல் தட்டுலதானே வருது?”

“ஆமா.”

“இந்தா பாரு.” சட்டியைத் தூக்கினார். கைகள் தோள்வரை வந்தன. அதற்கு மேல் வரவில்லை. குதிகாலை உயர்த்திப் பார்த்தார். சட்டி சாய்ந்தது. உள்ளே தண்ணீர்தான் இருந்தது, அது அவருடைய முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் ஓடியது. “கொதிக்கிற பருப்பா இருந்தா எம்மூஞ்சியிலதான்டி ஊத்தும்,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. மலையில் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று புது ஆளுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்று இரவு கேட்டலொக்கை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அடிப்பலகை 10 சென்டிமீட்டர். அதன்மேல் கீழ் அலமாரி 72. ஓவன் 82-இல் உட்காரும். 60 கூட்டினால் 142. நடுப்பலகை 2. மைக்ரோவேவின் அடிப்பாகம் 144 சென்டிமீட்டரில். அம்மாவின் கண் 137-இல். சூடான பாத்திரத்தை அவர் தன் கண்ணுக்கும் மேலே தூக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறக்க வேண்டும். அதுவும் தோளுக்கு மேலே போகாத கையால். கேட்டலொக்கை வரைந்தவர்கள் ஐந்தடி எட்டு, ஒன்பது அங்குல ஆட்களை நினைத்து வரைந்திருக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது பொருந்தும். நம் ஊரில் அதே படத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால், அடுப்படியில் நிற்கிற பெண்களுக்கு, குறிப்பாக அம்மாமாருக்கு, அது ஆபத்து.

அமெரிக்கக் குசினி வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மைக்ரோவேவின் அடிப்பாகம், அதை அதிகம் பாவிக்கிறவரின் தோளுக்கு மூன்று அங்குலம் கீழே இருக்க வேண்டும், எப்படியும் தரையிலிருந்து 54 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 54 அங்குலம் என்றால் 137 சென்டிமீட்டர். அதாவது அவர்களுடைய உச்ச அளவே என் அம்மாவின் கண்மட்டம். அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது இலக்கம் இல்லை, ‘அதிகம் பாவிக்கிறவரின் தோள்’ என்ற சொல். எங்கள் வீட்டில் அது யாருடைய தோள்? கேள்வி வந்த உடனே பதிலும் வந்துவிட்டது.

மறுநாள் அம்மாவைச் சுவரோரம் நிறுத்தினேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன், குசினிக்குள் அவர் செருப்பு போடுவதில்லை. கையை மடித்து, பாரமான சட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொல்லி முழங்கைக்கு நேரே கோடு கிழித்தேன். பிறகு தோள். பிறகு கண். மகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்மாயி, நீங்க என் உயரம்தான்!” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு ஒன்பது வயது, இன்னும் கொஞ்சம் வளர வேண்டும்.

இனி அந்தக் கோடுகளிலிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போட்டோம். அடிப்பலகை 10, கேக் தட்டுகள் வைக்க ஒரு இழுப்பறை 20, பலகை 2. ஓவன் 32-இல் உட்காரும், 92-இல் முடியும். அதன்மேல் பலகை 2. மைக்ரோவேவின் அடி 94, தலை 132. அம்மாவின் முழங்கைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே பாத்திரம் உள்ளே போகும், அவர் கண்ணுக்குக் கீழேயே எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மேலே உச்சிவரை ஒரு மூடிய அலமாரி.

இதில் விட்டுக்கொடுத்தது நான்தான், அதையும் சொல்ல வேண்டும். ஓவன் வயிற்று உயரத்தில் இருந்தால்தான் குனியாமல் தட்டை இழுக்கலாம். ஓவனை உயரத்தில் பதிப்பதன் முழு லாபமும் அதுதான். நான் அதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஓவனைக் கீழே இறக்கிவிட்டேன். அவர் ஒரு நாளைக்குப் பத்து முறை, நான் கிழமைக்கு இரண்டு முறை. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் கேக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,271 மீட்டர். காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே இங்கே ஏறத்தாழ 96 பாகையில் கொதித்துவிடும். கேக் மா சமவெளியில் பொங்குவதை விட வேகமாகப் பொங்கும், உள்ளே வேகுமுன் எழும்பி நடுவில் குழிந்துவிடும். பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்தும், சூட்டைக் கொஞ்சம் கூட்டியும் சமாளிக்கிறேன். இருந்தாலும் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் மனசு கேட்கும். லயத்தில் அடுப்புக்கு முன்னால் அம்மா போட்டு உட்கார்ந்திருந்த மணைக்கட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைப் போட்டு ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். உயரம் கச்சிதம்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கீழே இருக்கும் ஓவன் கதவு சுடும் என்பதையும் யோசியுங்கள். என் மகள் விபரம் தெரிந்தவள். தவழ்கிற குழந்தை இருந்தால் நான் வேறு மாதிரி முடிவு எடுத்திருப்பேன், இரண்டையும் பக்கம் பக்கமாக வைக்க இடம் தேடியிருப்பேன்.

அடுத்தது கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. கடைக்குப் போகுமுன் யாரும் யோசிப்பதில்லை. மைக்ரோவேவ் கதவுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் கீல். கதவு இடது பக்கமாக விரியும். நாங்கள் முதலில் அலமாரியை மேடையின் வலது கோடியில் வைக்க நினைத்திருந்தோம். அப்படி வைத்திருந்தால் திறந்த கதவு மேடைக்கும் அம்மாவுக்கும் நடுவே வேலி போட்டது போல நின்றிருக்கும், சூடான சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைச் சுற்றி வர வேண்டும். இடது கோடிக்கு மாற்றினோம். இப்போது கதவு சுவர்ப்பக்கம் போகிறது, எடுத்த பாத்திரம் நேரே வலது பக்கம் மேடையில் இறங்குகிறது. பக்கத்தில் இறக்கி வைக்க ஒன்றேகால் அடி மேடையாவது வெறுமையாக இருக்க வேண்டும். அரிசி டப்பாவையும் மிக்ஸியையும் அந்த இடத்தில் குடிவைக்க விடக் கூடாது. இதற்காக எங்கள் வீட்டில் சின்னச் சண்டைகள் இன்னும் நடக்கின்றன.

இனி காற்று. பலரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான்.

பதிக்கிற ஓவனுக்குள் ஒரு விசிறி இருக்கிறது. ஓவனை நிறுத்திய பிறகும் சில நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் அதுதான். அது குளிர்ந்த காற்றை இழுத்து, ஓவனின் வெளிக்கூட்டைச் சுற்றி ஓட்டி, கதவுக்கு மேலே உள்ள இடுக்கு வழியாக வெளியே தள்ளும். இழுப்பதற்குக் காற்று இருந்தால்தானே தள்ளும்? ஆகவே ஓவன் கூட்டுக்குப் பின்பலகை அடிக்கக் கூடாது. நடுப்பலகை சுவர்வரை போகக் கூடாது, பின்னால் நாலைந்து சென்டிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். கீழே அடிப்பலகையில் காற்று நுழைய ஒரு வெட்டு, உச்சியில் வெளியேற ஒரு வெட்டு. அடியிலிருந்து உச்சிவரை அலமாரியின் முதுகுப்பக்கம் ஒரு புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். எங்கள் அடிப்பலகையில் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டினோம், 200 சதுர சென்டிமீட்டர். ஓவனைச் சுற்றியுள்ள பலகையும் பசையும் 90 பாகைக்கு மேல் சூடு தாங்க வேண்டும் என்று கையேடுகள் கேட்கின்றன. மலிவான பசையில் ஒட்டிய விளிம்புப் பட்டி அந்தச் சூட்டில் உரிந்து வரும்.

பாஸுக்குப் பின்பக்கம் திறந்து கிடப்பது மனசுக்கு ஒப்பவில்லை. “எலி வருமே டீச்சர்,” என்றார். நியாயமான பயம். தேயிலைக்கு நடுவே வீடு, எலி வராமல் இருக்காது. வெட்டுகள் எல்லாவற்றுக்கும் கால் அங்குலக் கண் வைத்த கம்பி வலை அடித்தோம். காற்று போகும், எலி போகாது. வருடம் இரண்டு தடவை வலையில் சேரும் தூசியைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

என் சித்தி வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது ஏன் முக்கியம் என்று விளங்கும். சித்தி இருப்பது நுவரெலியாவில். மேசையில் வைக்கிற சாதாரண மைக்ரோவேவை அலமாரியின் கூட்டுக்குள் இறுக்கமாகத் தள்ளி, சுற்றிவர பட்டி அடித்து, பதித்த மாதிரியே அழகாக்கிக் கொடுத்தார் ஒருவர். மேசை மைக்ரோவேவ் மேலாலும் பக்கத்தாலும் மூச்சுவிடுகிற பொருள், தலைக்கு மேல் ஒரு சாணுக்குக் குறையாத வெளியை அதன் கையேடே கேட்கும். சித்தியுடையது ஐந்து நிமிடம் ஓடினால் தானாக நின்றுவிடும். உள்ளே இருக்கும் காப்புச் சுவிட்ச் சூட்டில் வெட்டிவிடுகிறது. பழுது என்று இரண்டு முறை திருத்தக் கொடுத்தார்கள். பழுது மைக்ரோவேவில் இல்லை. பட்டியைக் கழற்றிவிட்டு மேடையில் வைத்தார்கள், இன்றுவரை ஓடுகிறது.

அதே வீட்டில் பிரிட்ஜையும் நெட்டை அலமாரிக்குள் பதித்திருந்தார்கள். அது வேறு கதை, ஆனால் மலையகத்துக்கென்றே உள்ள கதை. மார்கழி, தை மாதங்களில் ஐஸ்கிரீம் இளகிப் போகிறது, உறைய வைத்த மீனில் தண்ணீர் விடுகிறது. ஊரே குளிரில் நடுங்கும்போது பிரிட்ஜுக்கு என்ன வந்தது? உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் ‘டி’ வகை என்று எழுதியிருந்தது. பிரிட்ஜ்களுக்குக் காலநிலை வகை உண்டு. ‘டி’ என்றால் 16 முதல் 43 பாகை வரையுள்ள அறைக்குச் செய்தது. ‘எஸ்என்’ என்றால் 10 முதல் 32 வரை. கொழும்பு வெக்கைக்கு ‘டி’ சரி. 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவின் தை மாத இரவில் சூடேற்றாத குசினி 16 பாகைக்கு எங்கேயோ கீழே போய்விடும். உறைய வைக்காத பகுதி ஏற்கெனவே குளிராக இருப்பதால், ஒரே தெர்மோஸ்டாட் உள்ள பிரிட்ஜில் மோட்டார் ஓட வேண்டிய தேவையே இல்லை என்று அது முடிவு செய்துவிடும். மோட்டார் ஓடாவிட்டால் உறைபெட்டி இளகும். மேலே இருப்பவர்கள் பிரிட்ஜ் வாங்கும்போது அந்தத் தகட்டை வாசித்துவிட்டு வாங்குங்கள். சித்தி வீட்டில் அதை வீட்டின் நடுப்பக்கம், கொஞ்சம் கதகதப்பான சுவரோரம் மாற்றினார்கள். பிரிட்ஜையும் ஓவனையும் ஒரே நெடுவரிசையில் அடுக்குவதை நான் சொல்லவே மாட்டேன், ஒன்று குளிர்விக்கப் பாடுபடும்போது மற்றது சூடாக்கிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டு இணைப்பு பெரும்பாலான வீடுகளைப் போல 30 அம்பியர் சிங்கிள் பேஸ். 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். ஓவன் முழுச் சூட்டில் 3,000 வாட் இழுக்கும். மைக்ரோவேவ் 1,400. குளியலறையில் சுடுதண்ணி ஷவர் 3,500. மூன்றும் ஒன்றாக ஓடினால் 7,900. சனிக்கிழமை காலை கேக் வேகும்போது என் வீட்டுக்காரர் குளிக்கப் போனால் வீடே இருட்டு. வயரிங் பாஸ் வந்து பார்த்து, மெயின் பெட்டியிலிருந்து ஓவனுக்கென்று தடித்த கம்பியில் தனி இணைப்பும் தனி பிரேக்கரும் போட்டார். மைக்ரோவேவுக்கு வேறு 13 அம்பியர் பிளக். அப்போதும் மொத்தக் கணக்கு மாறாது, ஆகவே கேக் உள்ளே இருக்கும்போது ஷவர் இல்லை என்பது வீட்டுச் சட்டம்.

அவர் சொன்ன இரண்டு விஷயம் பொன்னானவை. பிளக்கை ஓவனுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். இடமும் போதாது, சூடும் படும், அவசரத்துக்கு 35 கிலோ ஓவனை இழுத்த பிறகுதான் பிளக்கையே தொட முடியும். பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள், கைக்கு எட்டும் சுவிட்ச் ஒன்று வெளியே இருக்கட்டும். இரண்டாவது, சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே பின்னேரங்களில் இடி இறங்கும். பதித்த பொருளைக் கழற்றி வைக்க முடியாது. அந்த வெளிச் சுவிட்சை அணைத்தால் ஓரளவு பாதுகாப்பு, பிளக்கையும் பிடுங்கிவிட்டால் இன்னும் நல்லது. மின்கசிவு வந்தால் இணைப்பை வெட்டும் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது இப்போது அம்மாவின் மாத வேலை.

பலகைக்கு இரண்டாம் தடவை 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டோம். சிப்போர்ட் மலிவுதான், ஆனால் நம் பனியில் அதன் வெட்டுவாய் ஒரு மழைக்காலத்தில் பாண் மாதிரி உப்பும். எதைப் போட்டாலும் வெட்டிய ஓரங்களை எல்லாம் மூட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பின் ஓரங்களையும். அடியில் பிளாஸ்டிக் கால்கள். தரை கழுவும் தண்ணீர் பலகையைத் தொடக் கூடாது. ஓவன் உட்காரும் பலகைக்குக் கீழே இரண்டு பக்கமும் மரச்சட்டம் கொடுத்து ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். சாய்ந்திருந்தால் கேக்கும் சாய்ந்துதான் வேகும். அலமாரியைச் சுவரோடு முடுக்குவதை ஒருபோதும் விடாதீர்கள். ஓவன் கதவு திறந்து கிடக்கும்போது அதில் பாரம் விழுந்தால் ஏழடி அலமாரியும் முன்னால் சரியலாம். எங்கள் சுவர் புளொக் கல், உள்ளே பொந்து. சாதாரண ஆணி பிடிக்காது என்பதால் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை நாலு இடத்தில் பிடித்து, அதில் அலமாரியை முடுக்கினார் பாஸ்.

மைக்ரோவேவே ஒரு காலத்தில் டோல் யூனிட்டாகத்தான் இருந்தது என்று வாசித்தபோது ஆச்சரியப்பட்டேன். பேர்சி ஸ்பென்சர் 1945-இல் ரேடார்க் கருவிக்குப் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் இளகிப்போனதிலிருந்து பிறந்தது அது. 1947-இல் வந்த முதல் இயந்திரம் ஆறடி உயரம், 340 கிலோ. மேசையில் வைக்கிற அளவுக்குச் சுருங்கி வீடுகளுக்கு வர 1967 ஆயிற்று. அதற்கும் முன்னால், 1926-இல், மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர் பிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்காக ஒரு குசினி வரைந்தார். இன்றைய பென்ட்ரி எல்லாவற்றுக்கும் தாய் அதுதான். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல்காரர்கள் எப்படி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் எட்டி எடுக்கிறார்கள் என்று பார்த்து வரைந்தது. வேலை செய்கிற பெண் உட்காரவும் அதில் ஒரு சுழலும் முக்காலி இருந்தது, உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஏறத்தாழ ஆறடிக்குப் பதினோரடி. நாங்கள் ஆறு பேர் பிறந்து வளர்ந்த காம்பரா அதைப் போல இரண்டு மடங்கு கூட வராது. ஒரு பெண்ணின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அங்கே ஒருவர் உட்கார்ந்து அளந்திருக்கிறார். எங்கள் லயங்களைக் கட்டியவர்கள் அப்படி யாருடைய கையையும் அளக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அம்மாவின் முழங்கைக்குக் கோடு கிழித்த அன்று என் கை கொஞ்சம் நடுங்கியது அதனால்தான்.

விறகடுப்பை நாங்கள் இடிக்கவில்லை. குசினிக்கு வெளியே தகரத் தாழ்வாரத்தில் இருக்கிறது. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமலும் கடையில் காஸ் இல்லாமலும் இருந்தபோது எங்களுக்குச் சோறு போட்டது அந்த அடுப்புதான். அதற்கு மேலே பரணும் உண்டு, மிலாறும் உண்டு.

ஆனால் உப்பும் புளியும் அங்கே இல்லை. டோல் யூனிட்டின் உச்சி அலமாரி யாருக்கும் எட்டாது என்பதால் காலியாகத்தான் கிடந்தது. போன ஆடியில், பத்து நாளாக மூடிய பனி விலகாத நேரம், ஒரு சனிக்கிழமை கேக் இறக்கிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு அதைத் திறக்கச் சொன்னார். உள்ளே கையை வைத்துப் பார்த்தேன். முதுகுப்பக்கமாக ஏறி வந்த காற்றில் பலகை இதமாகச் சுட்டது. எண்ணெயையும் மிளகாய்த்தூளையும் அங்கே வைத்தால் காறிப்போகும், அது வேண்டாம் என்றார். உப்புப் போத்தலையும் அப்பளக் கட்டையும் நீட்டினார்.

“அங்கன வை. நமுத்துப் போவாது.”

எடுத்துக் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டால் மைக்ரோவேவில் ஒரு நிமிடத்தில் அப்பளத்தைப் பொரித்துக்கொள்வார்.